இரண்டு ஃப்ரீசர்களும் ஒரு வியாழக்கிழமையும்

1994 டிசம்பர்: புனேயின் கசார்வாடியில் மூடப்பட்ட ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து, மேல்மூடி கொண்ட பழைய ஃப்ரீசர் ஒன்று வாங்கப்பட்டது.

2006 அக்டோபர்: நின்ற வடிவில் உள்ள, உறைபனியைத் தானே நீக்கிக்கொள்ளும் புதிய ஃப்ரீசர் வாங்கப்பட்டது.

2006 நவம்பர் முதல் 2007 ஏப்ரல் வரை: இரண்டும் வீட்டில், சமையலறையை ஒட்டிய ட்ரை பால்கனியில் அருகருகே வைக்கப்பட்டு, தனித்தனி மீட்டர்கள் வழியாக இயக்கப்பட்டன. புதியது, பழையது எடுத்த மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே எடுத்தது.

2007 மே, செவ்வாய்க்கிழமை மாலை: என் மனைவி வீட்டில் இறந்தார். மாரடைப்பு.

அதே வாரம், வியாழக்கிழமை முற்பகல்: தகனம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை: மகள் வந்து சேர்ந்தாள்.

நடந்தவை இவ்வளவே. இவற்றை இந்த வரிசையில் எழுதிப் பார்த்தபோது, ஃப்ரீசர்களைப் பற்றிய வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதை விளக்க முடியாது. ஆகவே விட்டுவைத்திருக்கிறேன்.

பொறியியல் கல்லூரி ஒன்றில் வெப்பக் கடத்தல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி லோஹேகாவில், விமானப் படையினரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. லோஹேகாவுக்கும் போசரிக்கும் இடைப்பட்ட ஒரு குடியிருப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வசித்தோம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. மகள் பிறந்ததும் வளர்ந்ததும் புனேயில். மணமான பின் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறாள்.

புனேயில் டிசம்பர் பிறந்தால் பச்சைப் பட்டாணி மலிந்துவிடும். மட்டர் என்றுதான் நாங்களும் சொல்லிப் பழகியிருந்தோம். என் மனைவி அதை மூட்டையாக வாங்குவார். குடியிருப்பின் பெண்கள் எங்கள் கூடத்தில் வட்டமாக அமர்ந்து உரிப்பார்கள். உரித்ததை வெந்நீரில் ஒரு கொதி விட்டு, ஆற்றி, பைகளில் கட்டி, வீட்டுக்கு இத்தனை என்று பழைய ஃப்ரீசருக்குள் அடுக்குவார்கள். அடுத்த ஆண்டு ஹோலி வரை அந்தப் பட்டாணி வரும். ஆக, அந்த ஃப்ரீசர் எங்கள் வீட்டில் இருந்ததே தவிர எங்களுடையது மட்டும் அல்ல. பட்டாணிக்குக் கீழே ஊரிலிருந்து வந்த சுண்டைக்காயும் தேங்காய்த் துருவலும் கிடக்கும்.

என் குறை அதன் மின்சாரச் செலவைப் பற்றியது. கம்ப்ரசர் ஓய்வதே இல்லை. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் இறுகி, ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்சுவரில் படியும் உறைபனி குளிரை உள்ளே விடாமல் தடுத்தது. சுவருக்குள் அடைத்திருந்த பழைய நுரைப் பஞ்சு பல மழைக்காலங்களின் ஈரத்தைக் குடித்திருக்கும் என்பது என் ஊகம். ஒரு நாள் இதையெல்லாம் சொல்லி, புதியது ஒன்று வாங்கலாம் என்றேன்.

"சவம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஒங்கள என்ன செய்யுது?" என்றார் அவர்.

எங்கள் மாவட்டத்தில் எதையும் சவம் என்போம். பிடிவாதம் பிடிக்கும் குழந்தை, திறக்காத டப்பா, ஓடாத ஸ்கூட்டர், எல்லாமே சவம்தான். அதில் கோபம் பாதி, செல்லம் பாதி. வெளியூர்க்காரர்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள்.

ஓய்வு பெற்றபின் எனக்கு நேரம் இருந்தது. புதியதை வாங்கியே தீருவது என்று நான் நின்றேன்; பழையதை விற்கக் கூடாது என்று அவர் நின்றார். முடிவில் இரண்டும் வீட்டில் இருந்தன. எது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை முறையாக அளந்துவிடலாம் என்றேன். இரண்டிலும் ஒரே எடை வரும்படி உப்புநீர் நிரப்பிய போத்தல்களை வைத்தேன். ஒன்று சுவர் ஓரமாகவும் மற்றது வெயில் படும் பக்கமாகவும் இருந்ததால், பாதிக் காலம் கழிந்ததும் இடம் மாற்றி வைத்தேன். கதவைத் திறப்பதும் இரண்டுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஏங்க, பட்டாணி எடுக்கணும். தொறக்கலாமா, இல்ல உள்ள பரீட்ச நடக்கா?"

"எடு. அப்படியே புதுசையும் ஒரு தடவ தொறந்து மூடிரு."

"அதுல எனக்கு ஒண்ணும் எடுக்கதுக்கு இல்லையே."

"சும்மா தொறந்து மூடு."

"இப்படி ஒரு மனுசன் சொன்னா நம்புவாளா எவளாவது," என்று சொல்லிக்கொண்டே திறந்து மூடுவார்.

எதிர்வீட்டில் ஒரு மராத்திய அம்மையார் இருந்தார். எல்லோருக்கும் அவர் காக்கூ. நான் வெப்பமானியோடு பால்கனியில் குனிந்து நிற்பதைச் சன்னல் வழியாகப் பார்த்து, "சர் காய் கர்தாயத்?" என்று என் மனைவியிடம் கேட்டார். சார் என்ன செய்கிறார் என்று. என் மனைவி முகம் மாறாமல், "ஃப்ரீஜ்லா தர்மாமீட்டர் லாவ்தாயத். தாப் ஆலாய்," என்றார். ஃப்ரீஜுக்குக் காய்ச்சலாம், அதனால் பார்க்கிறாராம். காக்கூ சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பின் என்னைக் காணும்போதெல்லாம் காய்ச்சல் இறங்கியதா என்று விசாரிப்பார்.

அளவீடு சொன்னது ஐயத்துக்கு இடமில்லாதது. புதியதன் கம்ப்ரசர் சிறியது, செவ்வையானது. உறைபனியை உருக்க அது தனக்குள்ளேயே ஒரு சூடேற்றியை வைத்திருந்தும், மொத்தத்தில் பழையதன் பாதிக்கும் குறைவாகவே எடுத்தது. பழையதற்குச் சாதகமாக ஒன்றுதான் உண்டு. அதன் மூடி மேலே இருந்ததால், திறந்தாலும் கனமான குளிர்காற்று உள்ளேயே தங்கிவிடும். புதியதன் கதவைத் திறந்தால் குளிர் காலடியில் கொட்டிப் போய்விடும். ஆனால் அந்தச் சாதகம் கணக்கை மாற்றவில்லை. ஏப்ரல் முடிவில் என் முடிவை அவரிடம் அறிவித்தேன்.

அவர் கேட்டார்: "கரண்டு இருக்கையிலதான ஒங்க மீட்டரு ஓடும். வியாழக்கிழம என்ன செய்விய?"

வியாழக்கிழமை எங்கள் பகுதியில் மின்சாரம் இராது. பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலையில்தான் வரும். கோடையில் அதற்கு மேல் லோட்ஷெட்டிங்கும் சேர்ந்துகொள்ளும். போசரித் தொழிற்பேட்டைக்கும் அன்றுதான் வார விடுமுறை.

அது வேறு கேள்வி என்றேன். குளிரை எவ்வளவு சிக்கனமாக உண்டாக்குகிறது என்பது ஒன்று. உண்டான குளிரை எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தீர்மானிப்பவை சுவரின் தடிமனும் உள்ளே இருக்கும் பொருளின் எடையும். அதைத் தனியாக அளக்க வேண்டும். அட்டவணையில் அதற்கென ஒரு பத்தி கோடிட்டு, மே மாதத்தில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது அளப்பதாகச் சொன்னேன்.

"மெதுவா அளங்க. வியாழக்கிழம எங்கயும் ஓடிப் போவாது," என்றார்.

மே மாதம் பள்ளி விடுமுறை. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவர் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். முதுகு வலிக்கிறது என்றார். நான் மருத்துவரை அழைக்கத் தொலைபேசிக்குப் போனேன். மருத்துவர் வந்தபோது செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

மகளுக்குச் சொன்னேன். அங்கே அப்போது விடியவில்லை. அவள் அழவில்லை. "நான் வர்றேன் அப்பா. அம்மாவ நான் பாக்கணும். பாக்காம எதுவும் செய்யாதீங்க," என்றாள். செய்யமாட்டேன் என்று சொன்னேன். அவளுக்குக் கிடைத்த விமானம் மறுநாள்தான் கிளம்பும். வியாழன் நள்ளிரவில் மும்பையில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து, வெள்ளிக்கிழமை விடியும்போது வீடு சேரலாம். ஆக, வெள்ளி விடியல் வரை அவள் அம்மாவை வைத்திருக்க வேண்டும். என் முன் இருந்த வேலை அது ஒன்றே.

பிறகு மைத்துனருக்குச் சொன்னேன். என் மனைவியின் தம்பி, திருநெல்வேலியில் இருப்பவர். எப்போது, எப்படி என்று கேட்டார். அடுத்து அவர் கேட்டது இது:

"அத்தான், பாப்பா வார வரைக்கும் வைக்கணும்லா. ஃப்ரீசருக்குச் சொல்லியாச்சா?"

"அதுக்கு எதுக்குச் சொல்லணும்? வீட்டுலயே ரெண்டு இருக்கே," என்றேன். "பழசு பெருசு. புதுசு சின்னது."

மைத்துனர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத்தான், நீங்க மொதல்ல உக்காருங்க. பக்கத்துல யாரு இருக்கா? அவங்கட்ட ஃபோனக் குடுங்க."

பக்கத்தில் நின்றவர் கீழ்வீட்டுக்காரர். நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்து சில ஆண்டுகளே ஆன வங்கி அதிகாரி. அவர் பேசி முடித்து, என் தோளைத் தொடாமல் அருகில் நின்று சொன்னார்: "சார், ஊர்ல இப்ப வாடகைக்குக் கண்ணாடிப் பெட்டி வருது. உள்ள படுக்க வச்சு ப்ளக்கச் சொருகிட்டா ரெண்டு நாள் தாங்கும். அதத்தான் ஃப்ரீசர்னு சொல்றோம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் ஊரை விட்டு வந்த காலத்தில் அங்கே அப்படி ஒரு பெட்டி கிடையாது. ஆறு மாதமாக நான் நாள்தோறும் சொல்லிவந்த ஒரு சொல்லுக்கு ஊரில் வேறொரு பொருள் ஏறியிருந்தது. மைத்துனர் தம் அக்காவைப் பற்றிக் கேட்டார். நான் பெட்டியின் அளவைச் சொன்னேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை இன்றும் கேட்கிறேன்.

அத்தகைய பெட்டி புனேயில் ஒன்று உண்டென்று வங்கி அதிகாரி விசாரித்து அறிந்தார். கேம்ப் பகுதியில் ஒரு சங்கத்திடம் இருந்தது. அப்போது அது இன்னொரு வீட்டில் இருந்தது. மருத்துவமனைக் குளிரறைகளைக் கேட்டோம். ஒன்றில் இடமில்லை. மற்றொன்றில், அங்கேயே இறந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். மீதி இருந்தது பனிக்கட்டி.

முதலில் பெண்கள் என் உப்புநீர்ப் போத்தல்களை ஃப்ரீசர்களிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி அவரது இருபுறமும் வைத்தார்கள். புதன்கிழமை காலையில் போசரியின் பனிக்கட்டித் தொழிற்சாலையிலிருந்து பர்ஃபாச்சி லாதி வந்தது. ஓர் ஆள் தூக்க முடியாத நீளப் பாளம். காக்கூ தம் வீட்டிலிருந்து பராத் என்னும் பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து உருகும் நீருக்கு வைத்தார். அவர்கள் வழக்கத்தில் அன்றைக்கன்றே எடுத்துவிடுவார்கள். "கிதி வேள் டேவ்ணார், சர்?" என்று மெல்லக் கேட்டார். எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள் என்று. வெள்ளிக்கிழமை என்றேன். அவர் பராத்தின் நீரைக் கொண்டுபோய்க் கொட்டினார்.

பனிக்கட்டி கொண்டுவந்தவர் புதன் மாலை மறுபடி வந்தபோது, நாளைக்கு லாதி கிடையாது என்றார். வியாழன் தொழிற்பேட்டை விடுமுறை, மின்சாரமும் இல்லை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கினோம். பாளங்களைப் பாதியாக உடைத்துப் பழைய ஃப்ரீசரில் போட்டோம். புதியதற்குள் இழுப்பறைகள் இருந்ததால் சிறு துண்டுகளே போயின. பட்டாணிப் பைகள் தரையில் குவிந்து கிடந்து வியர்த்தன. அவற்றை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மைத்துனர் சென்னை வழியாக விமானத்தில் இரவுக்குள் வந்து சேர்ந்தார். அக்காவின் தலைமாட்டில் அமர்ந்தார். அந்த இரண்டு நாட்களில் எங்கள் ஊர்ச் சொல்லான சவத்தை எவரும் வாய்தவறியும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில், வழக்கம்போல, மின்விசிறி நின்றது.

நான் கணக்குப் போட்டேன். அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அறையின் வெப்பம், பனிக்கட்டியின் எடை, உருகும் வேகம், பெட்டிகளில் மீதி இருப்பது. எல்லாவற்றையும் எவ்வளவு தாராளமாக எடுத்துக்கொண்டாலும் பனிக்கட்டி மாலையைத் தாண்டவில்லை. வெள்ளி விடியல் வெகுதொலைவில் இருந்தது. புதிய ஃப்ரீசரின் அடியில் அதற்குள் நீர் கசியத் தொடங்கியிருந்தது.

மகளிடம் கேட்க வழியில்லை. அவள் வானத்தில் எங்கோ இருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு மைத்துனர் எழுந்து வந்தார். கழுத்தருகே நிறம் மாறுவதை நானும் கண்டிருந்தேன்.

"அத்தான், இதுக்கு மேல வைக்கது அக்காளுக்கு மரியாத இல்ல."

"பாப்பாட்ட சொல்லியிருக்கேன்."

"தெரியும். நானும்தான சொல்லியிருக்கேன். பாப்பா இந்த மொகத்தப் பாக்க வேண்டாம், அத்தான். போன மாசம் பாத்த மொகம்னு நெனச்சுக்கிடட்டும்."

மகள் போன மாதம் வரவில்லை. அவள் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அதைத் திருத்தவில்லை. எடுக்கலாம் என்று சொன்னேன்.

மயானத்திலிருந்து திரும்பி வந்து குளித்தபின், மாலையில் மின்சாரம் வந்தது. இரண்டு ஃப்ரீசர்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. யாரோ வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

நள்ளிரவு கடந்து மகள் மும்பையில் இறங்கித் தொலைபேசினாள். மைத்துனர் கையை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. நானே சொன்னேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

விடியும்போது வந்தாள். மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னிடம் அழவில்லை. பிறகு யாருக்கோ பால் காய்ச்ச வேண்டும் என்று பால்கனிக்குப் போனாள். பால் பொட்டலம் தேடிப் பழைய ஃப்ரீசரின் மூடியைத் தூக்கினாள்.

"அப்பா, இது என்ன?"

உள்ளே பனிப்பாளங்கள் விளிம்பு மழுங்காமல் கிடந்தன. ஒரு பகல் முழுதும் மின்சாரம் இல்லாதிருந்தும், பழைய பெட்டி அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

"அம்மாவுக்கு வாங்கினது," என்றேன்.

"மிச்சமா?"

நான் ஆம் என்றேன். அவள் மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.

"கொஞ்சம் ருக்கியிருக்கலாமே அப்பா," என்றாள்.

நில், பொறு என்னும் பொருளில் இந்தியும் தமிழும் கலந்த அந்தச் சொல் சிறுவயதிலிருந்தே அவளுடையது. பள்ளி வாகனத்தை, விளையாட்டை, என்னை, எல்லாவற்றையும் அவள் ருக்கச் சொல்வாள். நான் விளக்கினேன். அந்தப் பாளங்கள் சில மணி நேரத்துக்கு மேல் உதவியிருக்கா; எப்படிப் பார்த்தாலும் விடியலை எட்டியிருக்க முடியாது என்று எடை, வெப்பம், உருகும் அளவு ஒவ்வொன்றாகச் சொன்னேன். வகுப்பில் அமர்ந்திருப்பவளைப் போல் முழுவதையும் கேட்டாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கும். உங்க கணக்கு என்னிக்குத் தப்பாச்சு," என்றாள்.

அந்தக் கணக்கை அதன்பின் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். சுவரின் தடிமனைக் கூட்டியும், அறையின் வெப்பத்தைக் குறைத்தும், எனக்கு எதிராக என்னென்ன எடுத்துக்கொள்ள முடியுமோ அத்தனையும் எடுத்துக்கொண்டும் போட்டேன். ஒவ்வொரு முறையும் போதாது என்றே வருகிறது. தவறு என்று வந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். சரியென்று வரும் கணக்கை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

மகள் காரியம் முடிந்து திரும்பிப் போனாள். முறை தவறாமல் பேசுகிறாள். என் இரத்த அழுத்தத்தையும் சமையற்காரி வருகிறாளா என்பதையும் கேட்கிறாள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளுக்குத் தமிழ் எழுத வராது, ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். கடைசியாக அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாள். புதன்கிழமை எப்படி இருந்தது, வியாழக்கிழமை எப்படி இருந்தது என்று தனித்தனியாகக் கேட்டிருந்தாள். மறைக்காமல் சொல்லுங்கள், எனக்கு உங்களிடமிருந்து கணக்கு வேண்டாம் என்று முடித்திருந்தாள்.

பதில் எழுத அமர்ந்தால், என் நினைவில் அறையின் வெப்பநிலை இருக்கிறது. பாளங்கள் எத்தனை வந்தன, நீர் எத்தனை முறை கொட்டப்பட்டது என்பது இருக்கிறது. அவரது கழுத்தருகே மாறிய நிறம் இருக்கிறது. முகம் இல்லை. அந்த இரண்டு நாட்களும் நான் பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மைத்துனரைத் தொலைபேசியில் கேட்டேன். "அக்கா மொகம் அக்கா மொகமாத்தான் இருந்துச்சு, அத்தான். இத என்னன்னு சொல்ல," என்றார். காக்கூவைக் கேட்டேன். "சாந்த் ஹோதா," அமைதியாக இருந்தது, என்றார். எல்லோரும் எல்லாரைப் பற்றியும் சொல்வது அது. மகளுக்கு அதை எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நிலுவையில் இருப்பவை:

பழைய ஃப்ரீசரின் மூடி ரப்பரை மாற்றுவது, அல்லது விற்பது.

மின்தடையின்போது இரண்டிலும் வெப்பம் ஏறும் வேகத்தை அளப்பது. அட்டவணையில் பத்தி காலியாக இருக்கிறது.

இந்த டிசம்பரில் மட்டர் வாங்க வேண்டாம் என்று குடியிருப்புப் பெண்களிடம் சொல்வது.

மகளுக்குப் பதில் எழுதுவது.